ரிசல்ட் வந்த பிறகு ஓடிப் பயனில்லை: குன்றாண்டார்கோவில் ஒன்றியத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள்



பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில் நம்ம பக்கம் முழுக்க வாழ்த்துப் பதிவுகள்தான். பள்ளியில் முதல் மார்க் எடுத்த பிள்ளைக்குச் சால்வை, புத்தகம், போட்டோ. செய்ய வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அதே பள்ளியில் 600க்கு 380, 410 எடுத்த பிள்ளைகள் ஆகஸ்ட் மாதம் எங்கே இருக்கிறார்கள் என்று எத்தனை கிளைகளுக்குத் தெரியும்?

கீரனூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் திண்டுக்கல் பக்கத்து மில்லுக்கும் பை தூக்கிக்கொண்டு நிற்கிற பிள்ளைகளில் பிளஸ் டூ பாஸ் பண்ணாதவர்கள் குறைவு. ஃபெயிலாகி வேலைக்குப் போன காலம் மலையேறிவிட்டது. இப்போது பாஸ் பண்ணிவிட்டுத்தான் போகிறார்கள். "ஏம்மா காலேஜ் சேரல?" என்று கேட்டால் "மார்க் பத்தல" என்று சொல்கிற பிள்ளைகள் கொஞ்சம்தான். "அப்ளிகேஷன் முடிஞ்சு போச்சுண்ணே", "சர்டிபிகேட் வரலண்ணே", "ஒருத்தர் சேத்து விடுறேன்னு சொன்னாரு, அப்புறம் ஒரு லட்சம் கேட்டாங்க" என்று சொல்கிற பிள்ளைகள்தான் அதிகம்.

இந்தப் பதிவு அந்தப் பிள்ளைகளுக்காக.

2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். இந்தியா முழுவதற்கும் 28.4. நாம் பெருமையாகப் பகிர்கிற கணக்கு இது, பகிரவும் வேண்டும். ஆனால் 47 என்றால் மீதி 53 யார் என்ற கேள்வியும் கூடவே வரும். அந்த 53-ல் கிள்ளுக்கோட்டை, தெம்மாவூர், உப்பிலியக்குடி, விசலூர் பிள்ளைகள் எத்தனை பேர்? வானம் பார்த்த பூமி நம்முடையது. கண்மாய் நிரம்பினால் ஒரு போகம், இல்லையென்றால் நூறு நாள் வேலை, அதுவும் இல்லையென்றால் கல்குவாரி, கொத்து வேலை, வெளியூர். பிள்ளையைக் காலேஜுக்கு அனுப்ப மாட்டேன் என்று எந்த அப்பாவும் அம்மாவும் சொல்வதில்லை. எப்படி அனுப்புவது என்றுதான் தெரியவில்லை. இது ஆசை இல்லாத பிரச்சினை அல்ல, வழி தெரியாத பிரச்சினை. வழி தெரியாத இடத்தில் முதலில் வந்து நிற்பவன் யார்?

புரோக்கர்!

ரிசல்ட் வரும் வரை அவன் காத்திருப்பதில்லை. பரீட்சை முடிந்த மறுநாளே வந்துவிடுகிறான். சில ஊர்களில் பரீட்சை நடக்கும்போதே பிள்ளைகளின் போன் நம்பர் அவன் கையில் இருக்கிறது. எப்படிக் கிடைத்தது என்பது தனியாகப் பேச வேண்டிய விஷயம். வீட்டு வாசலில் பைக்கை நிறுத்துகிறான், நல்லா பேசுகிறான். "ஸ்காலர்ஷிப்ல ஃப்ரீயா படிக்கலாம்மா, ஹாஸ்டலும் ஃப்ரீ, அட்வான்ஸ் அஞ்சாயிரம் மட்டும் கட்டுங்க, ஒரிஜினல் மார்க் ஷீட் வந்த உடனே குடுத்துருங்க." அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. நம்ம பிள்ளைக்காக இவ்வளவு தூரம் யார் வந்து பேசினார்கள்?

தோழர்களே, இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். முழுச் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் ஏழைப் பிள்ளைக்கு இருக்கிற பெரிய சலுகைகள் அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் கிடைக்கும். 6ம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. 2020ல் மருத்துவத்துக்கு வந்தது. 2021ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் விரிந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கிறது. தனியார் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் அப்படித்தான். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்குத் தனிச் சலுகை. அதுவும் கலந்தாய்வு வழியாக வந்தால்தான். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடையாது.

புரோக்கர் சேர்த்து விடுவது எதில்? மேனேஜ்மென்ட் கோட்டாவில்!

கலந்தாய்வில் போயிருந்தால் ஒரு ரூபாய் இல்லாமல் அதே கல்லூரியில், அதே பெஞ்சில் உட்கார வேண்டிய பிள்ளை, புரோக்கர் வழியாகப் போனதால் வருசத்துக்கு முக்கால் லட்சம், ஒரு லட்சம் கட்டுகிறது. ரெண்டாவது வருசம் கட்ட முடியவில்லை. ஹால் டிக்கெட் தர மாட்டோம் என்கிறார்கள். அப்பா இருந்த ரெண்டு பவுனை அடகு வைக்கிறார். மூணாவது வருசம் பிள்ளை நின்றுவிடுகிறது. கையில் பட்டமும் இல்லை, ஒரிஜினல் சர்டிபிகேட்டும் இல்லை. ஒரிஜினலைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது, சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018லேயே உத்தரவு போட்டிருக்கிறது. அந்த உத்தரவு இருப்பது அந்த அப்பாவுக்கு எப்படித் தெரியும்? நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நர்சிங் விஷயம் இன்னும் மோசம். ஆஸ்பத்திரி மாடியிலும் கடைவீதி காம்ப்ளக்ஸிலும் "நர்சிங் ஒரு வருசம், வேலை நிச்சயம்" என்று போர்டு தொங்குகிறது. தமிழ்நாடு செவிலியர் கவுன்சில் அங்கீகாரம் இல்லாத படிப்பை முடித்த பிள்ளை நர்ஸாகப் பதிவு செய்ய முடியாது. காலத்துக்கும் "உதவியாளர்" சம்பளம்தான். நம்ம பெண் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு நர்ஸ் ஆகணும் என்பது கனவு. அந்தக் கனவை வைத்துத்தான் வியாபாரமே நடக்கிறது. சேர்வதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "கவுன்சில் அங்கீகாரம் இருக்கா? பேப்பரைக் காட்டுங்க." கேட்டால் முகம் மாறும், பாருங்கள்.

ஆக, புரோக்கரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அவன் ஏப்ரலில் வருகிறான் என்றால் நாம் ஜனவரியில் போக வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

"அரசே நடத்துதே தோழர், நான் முதல்வன் இருக்கு, கல்லூரிக் கனவு இருக்கு" என்று சிலர் சொல்வீர்கள். உண்மை. 2022 மார்ச் 1ல் நான் முதல்வன் தொடங்கியது. அதே வருசம் கல்லூரிக் கனவு நிகழ்ச்சிகள் நடந்தன. சேராமல் விடுபட்ட பிள்ளைகளைத் தேடிப் பிடிக்க உயர்வுக்குப் படி வந்தது. நல்ல திட்டத்தை நல்ல திட்டம் என்று சொல்வதில் நமக்குக் கூச்சம் எதற்கு? ஆனால் ஒரு பெரிய மண்டபத்தில் பல பள்ளிப் பிள்ளைகளை உட்கார வைத்து, மேடையில் பத்துப் பேர் பேசி, பையும் கையேடும் கொடுத்து அனுப்பினால் வேலை முடிந்துவிடுமா? கையேடு வீட்டுக்குப் போய்ச் சாமி படத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது. அம்மா அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. அன்றைக்கு அவருக்கு வேலை நாள். பிள்ளையின் படிப்பைத் தீர்மானிக்கப் போவது அம்மா, அப்பா, சில வீடுகளில் தாய்மாமன். இவர்களிடம் யாருமே பேசவில்லை.

பேச வேண்டிய நேரம் வேலை முடிந்து வந்த பிறகு, சாயங்காலம் ஏழு மணி. இடம் அவர்கள் வீட்டுத் திண்ணை. இது அதிகாரி செய்கிற வேலை இல்லை. கிளைத் தோழர் செய்கிற வேலை.

இது நம்ம மாவட்டத்துக்குப் புதுசும் இல்லை. 1991-92ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எப்படி நடந்தது என்று மூத்த தோழர்களைக் கேளுங்கள். மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் ஒரு பக்கம் நின்றார். ஆனால் ஊர் ஊராக ராத்திரியில் அரிக்கேன் விளக்கு வைத்து உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தது ஊர் இளைஞர்களும் ஆசிரியர்களும்தான். குவாரியில் கல் உடைத்த பெண்கள் கையெழுத்துப் போடக் கற்றார்கள், கூடவே சைக்கிளும் ஓட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் கடையில் தீர்ந்துபோய் ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கி ஓட்டினார்கள். சைக்கிள் கற்ற பெண்கள் லட்சத்தைத் தாண்டியதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். அன்றைக்குச் சைக்கிள் ஓட்டிய அம்மாக்களின் பேத்திகள்தான் இப்போது பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறார்கள். அன்றைக்கு எழுத்து தெரியாதது தடை. இன்றைக்கு ஆன்லைன் ஃபாரம் தெரியாதது தடை. அதை ஊரே சேர்ந்து உடைத்தது, இதையும் அப்படித்தான் உடைக்க முடியும்.

அதற்கும் முன்னால் போனால், 1886ல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டிக்கு மகாராஜா கல்லூரியில் இடம் கொடுக்கவே பெரிய எதிர்ப்பு கிளம்பியது. பெண் பிள்ளை வந்தால் ஆண் பிள்ளைகள் கெட்டுப் போவார்கள் என்றார்கள். மன்னர் தலையிட்டுத்தான் சேர்ந்தார். 1912ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று வெளியே வந்தார். அவர் அப்பாவே கல்லூரி முதல்வர். வீட்டுக்குள்ளேயே வழிகாட்டி இருந்தும் அவ்வளவு பாடு! வீட்டில் யாருமே காலேஜ் வாசலை மிதிக்காத நம்ம ஊர்ப் பிள்ளைக்கு எவ்வளவு துணை வேண்டும்?

இனி வேலைக்கு வருவோம்.

முதல் வேலை சர்டிபிகேட். ரிசல்ட் வந்த வாரம் இ-சேவை மையத்தில் வரிசை, சர்வர் டவுன், வி.ஏ.ஓ. லீவு, ஆர்.ஐ. கூட்டத்துக்குப் போயிட்டார், தாசில்தார் ஆபீசில் ஃபைல் நிற்கிறது. கெடு தேதி நமக்காக நிற்காது. சாதிச் சான்றிதழ் ஒரு முறை எடுத்தால் போதும், ஒன்பதாம் வகுப்பிலேயே எடுத்து வைக்கலாம். வருமானச் சான்று ஒரு வருசம்தான் செல்லும் என்பதால் பிளஸ் டூ படிக்கும்போது பிப்ரவரி, மார்ச்சில் எடுப்பது சரி. முதல் பட்டதாரிச் சான்றிதழ்தான் நேரம் எடுக்கும். வீட்டில் உள்ளவர்கள் விவரம் எல்லாம் கேட்பார்கள், கூடப் பிறந்தவர்களின் படிப்பைப் பார்ப்பார்கள். அண்ணன் டிகிரி முடித்திருந்தால் தங்கைக்குக் கிடைக்காது. இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கடைசி நேரத்தில் மனசு ஒடியக் கூடாது.

இதிலெல்லாம் சின்னதாக ஒரு வில்லங்கம் இருக்கும். ஆதாரில் ஒரு பெயர், டி.சி.யில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் இன்னொரு பெயர். தமிழில் "மு." என்றிருக்கும் இனிஷியல் ஒன்றில் ஒரே எழுத்தாகவும் இன்னொன்றில் இரண்டு எழுத்தாகவும் ஆங்கிலத்தில் ஏறியிருக்கும். கேட்க அற்பமாக இருக்கும். இந்த ஒரு எழுத்தால் உதவித்தொகை வராமல் அலைகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் என்ன பெயர் ஏறுகிறதோ அதுதான் காலத்துக்கும். அது அச்சாவதற்கு முன்னால் பள்ளியில் பெயர்ப் பட்டியல் சரிபார்க்கச் சொல்வார்கள். அப்போதே அம்மாவோ அப்பாவோ போய்ப் பார்த்துவிட வேண்டும்.

அடுத்து போன் நம்பர். சிரிக்காதீர்கள், இது ரொம்ப முக்கியம். பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போடும்போது பிள்ளையிடம் போனோ மெயிலோ இல்லையென்றால் கடைக்காரர் தன் நம்பரையே போட்டுவிடுகிறார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, ஓ.டி.பி. சீக்கிரம் வருமே என்றுதான். ஒரு மாதம் கழித்து "உங்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டுள்ளது, உறுதி செய்யவும்" என்ற மெசேஜ் கடைக்காரர் போனுக்கு வருகிறது. அவர் நூறு பிள்ளைக்கு அப்படிப் போட்டிருக்கிறார், பார்க்கவில்லை. கெடு முடிந்து சீட் போச்சு. பாஸ்வேர்டும் அவரிடம். கிளைத் தோழர்கள் இந்த ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டாலே நாலு பிள்ளையின் சீட் தப்பிக்கும். பிள்ளையின் வீட்டில் எப்போதும் இருக்கிற போன் நம்பர், பிள்ளை பெயரிலேயே ஒரு மெயில், பாஸ்வேர்டு நோட்டில் எழுதியிருக்க வேண்டும். ரீசார்ஜ் தீர்ந்து நம்பர் செத்துப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பேங்க் கணக்கும் அப்படித்தான். கணக்கு பிள்ளை பெயரில் இருக்க வேண்டும், ஆதார் இணைந்திருக்க வேண்டும். புதுமைப் பெண் பணம், தமிழ்ப் புதல்வன் பணம், ஸ்காலர்ஷிப் எல்லாம் அதில்தான் வரும். 2022 செப்டம்பரில் புதுமைப் பெண், 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துவிட்டு மேலே படிக்கிற பிள்ளைக்கு மாதம் ஆயிரம் ரூபாய். டிகிரிக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. படித்தாலும் உண்டு. புதுமைப் பெண்ணின் முழுப்பெயர் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். அதே அம்மையார் பெயரில் முன்பு இருந்தது திருமண உதவித் திட்டம். தாலிக்குத் தங்கம் கொடுத்த திட்டம் காலேஜ் பஸ்ஸுக்குப் பணம் கொடுக்கிற திட்டமாக மாறியிருக்கிறது. "பொண்ணுக்குக் கல்யாணத்துக்குச் சேக்கணும், படிப்புக்கு எங்க போறது?" என்று கேட்கிற அப்பாவிடம் இதைத்தான் சொல்லுங்கள். தத்துவம் பேசத் தேவையில்லை.

இந்த "6 முதல் 12 வரை" என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளையின் வீட்டிலேயே போய்ச் சொல்ல வேண்டும். நம்ம பகுதியில் ஒரு பழக்கம் இருக்கிறது. பிள்ளை நல்லாப் படிக்கிறது என்று தெரிந்தால், ஒன்பதாவதிலோ பிளஸ் ஒன்னிலோ கடனை உடனை வாங்கித் தனியார் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த ஒரு மாற்றத்தால் 7.5 சதவீதமும் போச்சு, மாதம் ஆயிரமும் போச்சு. நல்லாப் படிக்கிற பிள்ளைக்குத்தான் இதில் நஷ்டம் அதிகம். டாக்டர் சீட், அதுவும் முழுச் செலவும் அரசு ஏற்கிற சீட், எட்டாவது முடிந்த கோடை லீவில் வீட்டார் கையாலேயே கைவிட்டுப் போகிறது. புதுக்கோட்டையிலேயே 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கீரனூரிலிருந்து ஒரு பஸ்.

அடுத்தது பிளஸ் ஒன் குரூப். காலேஜ் என்ன படிக்கலாம் என்பதைப் பதினெட்டு வயதில் தீர்மானிப்பதாக நினைக்கிறோம். உண்மையில் பதினைந்து வயதில், பத்தாவது ரிசல்ட் வந்த வாரத்தில் தீர்மானமாகிவிடுகிறது. கணக்கு எடுக்காத பிள்ளை பி.இ.க்குப் போக முடியாது. உயிரியல் எடுக்காத பிள்ளை டாக்டர் ஆக முடியாது. பக்கத்துப் பள்ளியில் அந்த குரூப் இல்லை, அல்லது கூட்டாளி சேர்ந்த குரூப், அல்லது "உனக்கு இது போதும்" என்று யாரோ சொன்னது. இப்படித்தான் நடக்கிறது. "உனக்கு இது போதும்" என்று சொல்லப்படுகிற பிள்ளைகள் எந்தத் தெருப் பிள்ளைகள் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? ஊருக்கு எட்டும் தூரத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் குரூப்புக்கு ஆசிரியர் இல்லையென்றால் அதற்கு மனு கொடுக்க வேண்டியது, போராட வேண்டியது நம்ம வேலை. வழிகாட்டுவதும் போராடுவதும் ரெண்டு தனித்தனி வேலை இல்லை.

இன்னொன்று. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது, நல்லது. ஆனால் 2018க்கு முன்னால் என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? பல தனியார் பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தையே நடத்தாமல் நேராகப் பிளஸ் டூ பாடத்துக்குப் போனார்கள். நுழைவுத் தேர்வுகளில் பாதிக் கேள்வி பிளஸ் ஒன் பாடத்திலிருந்துதான் வருகிறது. நீட் வேண்டாம் என்ற நம்ம நிலைப்பாட்டில் மாற்றம் இல்லை. தேர்வு இருக்கிற வரைக்கும் எழுதப் போகிற பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பவும் கூடாது. பிளஸ் ஒன் பாடம் ஒழுங்காக நடக்கிறதா என்று பெற்றோர் போய்க் கேட்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறதே, அது சுதந்திர தினத்துக்கு மிட்டாய் கொடுக்க மட்டுமா?

கல்லூரி என்றால் பி.இ. மட்டும்தான் என்ற மயக்கமும் தெளிய வேண்டும். புதுக்கோட்டை மன்னர் கல்லூரியும் அரசு மகளிர் கலைக் கல்லூரியும் இருக்கின்றன. அரசு கலைக் கல்லூரிகளுக்கு ஆன்லைனில் ஒரே விண்ணப்பம்தான். கட்டணம் ஐம்பது ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு வெறும் இரண்டு ரூபாய். குடுமியான்மலையில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு அதைவிட என்ன வேண்டும்? கந்தர்வகோட்டையில் அரசு பாலிடெக்னிக். பிளஸ் டூ முடித்த பிள்ளை பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம், டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். மார்க் குறைந்த பிள்ளைக்கு இது பின்வாசல் இல்லை, சரியான வாசல்தான்.

எட்டாத உயரம் என்று நாமே முடிவு செய்து வைத்திருக்கிற இடங்களும் உண்டு. துவாக்குடியில் என்.ஐ.டி. இருக்கிறது. நம்ம ஊர்க்காரர்கள் அந்தப் பக்கம் கட்டட வேலைக்குப் போய் வருகிறார்கள். அங்கே பாதி இடம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு. 2024ல் பச்சமலையைச் சேர்ந்த ஒரு பழங்குடி மாணவி, கூலி வேலை செய்யும் பெற்றோரின் மகள், ஜே.இ.இ. எழுதி அங்கே சேர்ந்தார். கட்டணத்தை அரசு ஏற்றது. திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதற்கு க்யூட் தேர்வு எழுத வேண்டும், விண்ணப்பம் பிளஸ் டூ பரீட்சைக்கு முன்னாலேயே வந்து போய்விடுகிறது. நம்ம பிள்ளைகளுக்கு அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அதனால்தான் மேலே ஜனவரி என்று சொன்னேன்.

கல்விக் கடன் பற்றி ஒரு வார்த்தை. நாலு லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது. படிப்பு முடிந்து ஒரு வருசம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை. வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பித்துவிட்டு அந்த எண்ணோடு பேங்குக்குப் போனால் "இல்ல, கிடையாது, அப்புறம் வாங்க" என்று வாயால் சொல்லி அனுப்ப முடியாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தனியாகப் போகிற அப்பாவை உட்காரக்கூடச் சொல்ல மாட்டார்கள். கூட இரண்டு தோழர்கள் போனால் நாற்காலி வரும். ஆனால் கடன் கடைசி வழிதான். கலந்தாய்வு, உதவித்தொகை, அரசுக் கல்லூரி எல்லாம் பார்த்த பிறகுதான் அது.

சரி, கிளை என்ன செய்ய வேண்டும்? பெரிய மாநாடு வேண்டாம், பிளெக்ஸ் வேண்டவே வேண்டாம். ஒரு நோட்டு வாங்குங்கள். உங்கள் ஊராட்சியில் எட்டாவது முதல் பிளஸ் டூ வரை படிக்கிற பிள்ளைகள் பெயரை எழுதுங்கள். எந்தக் கட்சிக்காரர் வீடு, எந்தச் சாதி, எந்தத் தெரு என்று பார்க்காதீர்கள். நமக்கு ஓட்டுப் போடாத வீட்டுக்கு முதலில் போங்கள், அதிலும் காலனித் தெருவிலிருந்து தொடங்குங்கள். பிளஸ் டூ பிள்ளை உள்ள வீட்டுக்கு ஜனவரியில் ஒரு தடவை, பரீட்சை முடிந்த அன்று ஒரு தடவை, ரிசல்ட் வந்த அன்று ஒரு தடவை, கலந்தாய்வு நேரத்தில் தேவைப்படும் போதெல்லாம். நம்ம ஊரிலேயே காலேஜ் படிக்கிற பிள்ளைகள் இருப்பார்கள். போன வருசம் இதே ஃபாரத்தைப் போட்டு அலைந்தவர்கள். அவர்களைக் கூட்டிப் போங்கள். நாம் பத்து நிமிசம் பேசுவதைவிட, பக்கத்துத் தெரு அக்கா "நான் இப்படித்தான் சேந்தேன் சித்தி, ஒண்ணும் பயமில்ல" என்று சொன்னால் அந்த அம்மா நம்புவார்.

ஆபீசில் கம்ப்யூட்டர் இருக்கிற இடத்தில் மே, ஜூன் முழுக்கச் சாயங்காலம் ஒருவர் உட்காருங்கள். பொறியியல் விருப்பப் பட்டியல் போடும்போது நாலைந்து கல்லூரியோடு நிறுத்திவிடுகிறார்கள். முப்பது, நாற்பது கூடப் போடலாம், தப்பே இல்லை, வரிசை மட்டும் சரியாக இருக்க வேண்டும். போன வருச கட்-ஆஃப் இணையதளத்திலேயே இருக்கிறது, அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். கணக்கு நூறு, இயற்பியல் ஐம்பது, வேதியியல் ஐம்பது, மொத்தம் இருநூறுக்குக் கணக்கிடுவார்கள். இது கூடத் தெரியாமல் மொத்த மார்க்கை வைத்து "நமக்குக் கிடைக்காது" என்று உட்கார்ந்துவிட்ட வீடுகள் உண்டு.

சேர்த்துவிட்டதோடு விட்டுவிடாதீர்கள். முதல் செமஸ்டரில்தான் நிறையப் பிள்ளைகள் திரும்பி வருகிறார்கள். தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் பாடம், ஹாஸ்டல் சாப்பாடு, கூடப் படிக்கிறவன் வைத்திருக்கிற போன். அரியர் விழுந்தால் வீட்டில் சொல்லப் பயம். தீபாவளி லீவுக்கு வரும்போது ஒரு தடவை பேசுங்கள். "எத்தனை அரியர்?" என்று ஆரம்பிக்காதீர்கள், "சாப்பாடு எப்படிப்பா இருக்கு?" என்று ஆரம்பியுங்கள்.

அடுத்த ஒன்றியக் கூட்டத்துக்கு வரும் கிளைச் செயலாளர்கள் இந்த நோட்டோடு வாருங்கள். பெயர் மட்டும் போதாது. எந்தப் பிள்ளைக்கு எந்தச் சான்றிதழ் இல்லை என்ற கட்டமும் நிரம்பியிருக்க வேண்டும். வருவாய்த் துறையிடம் மொத்தமாகப் பட்டியல் கொடுத்து ஊராட்சிவாரியாக முகாம் கேட்கப் போகிறோம். பட்டியல் கையில் இருந்தால்தான் கேட்க முடியும். கல்லூரியில் படிக்கிற தோழர்கள், இந்த வேலைக்கு வாரத்துக்கு ஒரு சாயங்காலம் தர முடியும் என்றால், கீழே உங்கள் ஊர்ப் பெயரை மட்டும் போடுங்கள், போன் நம்பர் போட வேண்டாம், கிளையிலிருந்து வந்து பேசுவார்கள்.